யூனுஸ் பாய் எடுக்காத காட்சி

யூனுஸ் பாய் கேமரா பிடித்த கல்யாணங்களில் ஒன்றில்கூடச் சண்டை நடந்ததில்லை. அதாவது, நடந்திருக்கும். நம் பக்கத்தில் சண்டை இல்லாமல் கல்யாணம் ஏது? மாமன் மரியாதையில் ஒரு சுற்று, பந்தியில் முதல் இலை யாருக்கு என்று ஒரு சுற்று, வேன் வரவில்லை என்று இன்னொரு சுற்று. ஆனால் வீடியோவைப் போட்டுப் பார்த்தால் அதில் ஒன்றும் இருக்காது. குரல் ஏறுகிற சத்தம் காதில் விழுந்ததுமே அவருடைய கட்டைவிரல் தானாகப் போய்ப் பொத்தானை அமுக்கிவிடும், கேமரா தோளைவிட்டு இறங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மனிதர் நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னத்தை எடுத்துக்கொண்டிருப்பார்.

பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாணத்தை ஒன்று விடாமல் எடுத்துக் கொடுத்தார். பெண்வீட்டுக்காரர்கள் சொந்தபந்தம் எல்லாரையும் கூட்டிவைத்துக் கேசட்டைப் போட்டார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா, பெண்ணின் அப்பாவைப் பார்த்துச் சொன்ன ஒரு சொல் அதில் கணீரென்று கேட்டது. அவ்வளவுதான். மண்டபத்தோடு முடிந்திருக்க வேண்டிய சண்டை வீட்டுக்கூடத்தில் மறுபடி முளைத்து, இரண்டு குடும்பமும் பேச்சுவார்த்தை இல்லாமல் போய்விட்டது. அன்றைக்கு எடுத்த முடிவு. அதற்குப் பிறகு இந்து வீடோ துலுக்க வீடோ, "யூனுஸ் பாயைக் கூப்பிடு, மானத்தைக் காப்பாத்துவாரு" என்பதுதான் ஊரில் பேச்சு. அந்தப் பேச்சில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஏன் இருக்கக் கூடாது?

ஊர், மன்னார்குடியிலிருந்து பேருந்தில் அரைமணி நேரம். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் ஆள் தேடக் கிளம்பிவிடுவீர்கள். அந்த ஊரில் கேபிள்காரரிடம் ஒரு சேனலைப் பேசி வாங்கி 'வெண்ணாறு டிவி' என்று பெயர் வைத்து, சாயங்காலம் ஏழு மணிக்குச் செய்தி போடுவார் யூனுஸ். ஆற்றில் முறைவைத்துத் தண்ணீர் விடுவது, கொள்முதல் நிலையத்தில் நெல்மூட்டை நனைந்தது, சந்தனக்கூடு, தீமிதி, மின்தடை, மரண அறிவிப்பு. சென்னைச் சேனல்கள் சொல்வதை ஜனம் நம்பும், நம்பாது. வெண்ணாறு டிவியில் வந்துவிட்டால் மறுபேச்சு கிடையாது.

அந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரி விவகாரம் வந்தது. சின்ன ஊர்களில் இருக்கிற அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டுகளை எல்லாம் ஒன்றாக்கி, மாவட்டத் தலைநகரில் ஒரே பெரிய மையமாகக் கட்டப்போவதாக அறிவிப்பு. திட்டத்தைக் குறை சொல்லிவிட முடியாது. அங்கே ரத்த வங்கி இருக்கும், மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் எந்நேரமும் இருப்பார், குறைப்பிரசவக் குழந்தைக்குக் கண்ணாடிப்பெட்டி இருக்கும். டிவியில் தினமும் நாலு பேர் நாலு கட்டத்துக்குள் உட்கார்ந்து காட்டுக் கத்தல் கத்தினார்கள். ஒருவர் புரட்சி என்றார், ஒருவர் சதி என்றார். எந்த ஊர் வார்டை மூடப்போகிறார்கள், எப்போது மூடப்போகிறார்கள் என்பதை மட்டும் ஒரு புண்ணியவானும் வாயைத் திறந்து சொல்லவில்லை. கேட்டால், "பரிசீலனையில் இருக்கிறது." கத்தல் பலமானதும் அரசு ஓர் அறிவிப்பு செய்தது: ஊர்தோறும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், ஒளிவுமறைவே கிடையாது, கூட்டம் முழுவதையும் உள்ளூர் கேபிளில் காட்டுவோம்.

நம் ஊர்க் கூட்டத்தைக் காட்டுகிற பொறுப்பு வெண்ணாறு டிவிக்கு வந்தது. யூனுஸ் அன்றைக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். அவருடைய மனைவி கமருன்னிஸா, "என்னங்க, மாப்பிள்ளை மாதிரி போறீங்க?" என்று கிண்டல் பண்ணினாள். "கவர்மெண்டு வேலைம்மா. ஊரே பார்க்கும்" என்றார்.

கூட்டம் நடந்த இடத்தைச் சொல்ல வேண்டும். கல்யாண மண்டபம். ஊரில் வேறு பெரிய கூடம் இல்லை. யூனுஸ் எத்தனையோ தாலிகட்டு எடுத்த அதே மேடை, அதே சிவப்புக் கம்பளம். மணமக்கள் நாற்காலி இருக்கிற இடத்தில் மாவட்ட சுகாதார அதிகாரி குணசேகரன் உட்கார்ந்திருந்தார். வாசலில் பன்னீர் தெளித்து, கற்கண்டு கொடுத்தார்கள். அதிகாரி மைக்கைப் பிடித்ததும் முதலில் சொன்னது இதுதான்: "மடியில கனமில்ல, வழியில பயமில்ல. எல்லாரும் செல்போனை உள்ள வச்சிடுங்க. அவங்கவங்க துண்டுதுண்டா எடுத்து வாட்சப்புல போட்டு வதந்தி ஆக்க வேணாம். பாய் முழுசா எடுக்குறாரு, ராத்திரி எல்லாரும் வீட்டுல உக்காந்து பாருங்க."

ஜனம் ஒரு மறுப்பும் சொல்லாமல் போனைப் பையிலும் மடியிலும் வைத்துக்கொண்டது. யூனுஸ் பாய் எடுக்கிறாரே, நாம் எதற்கு?

முதல் ஒரு மணி நேரம் படம், வரைபடம், புள்ளிவிவரம். பிறகு தனபாக்கியம் எழுந்தாள். நடவுக்கு ஆள் கூட்டிப்போகிற கொத்து அவள். வரப்பில் நின்று பேசிப் பழகிய குரல், மைக் வேண்டியதில்லை. அவளுடைய மகள் சுவேதா தலைப்பிள்ளை உண்டாகி, மசக்கைக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். ஐப்பசியில் நாள் சொல்லியிருந்தார்கள்.

"ஐயா, நீங்க கட்டுற ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரிதான். நான் இல்லங்கல. வலி எடுத்தா இங்கேருந்து எம்மவளை அங்க கொண்டு போவணும். நடுவுல ரயில்வே கேட்டு. சரக்கு வண்டி வந்தா கேட்டைப் போட்டுட்டு எப்பத் தொறப்பான்னு அவனுக்கே தெரியாது. அடைமழையில அந்தத் தாழ்ந்த தாம்போகிப் பாலத்து மேல தண்ணி போவும். புள்ளை காத்துக்கிட்டு இருக்குமாய்யா?"

கூட்டம் கைதட்டியது. யூனுஸ் இதையெல்லாம் எடுத்தார். குணசேகரன் பதில் சொன்னார், ஆம்புலன்ஸ் என்றார், செயலி என்றார். தனபாக்கியம் விடவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டுங்க. எங்க வார்டை மூடுவீங்களா, மாட்டீங்களா? ஒரு வார்த்தை."

"உங்க கருத்தைக் கேக்கத்தானே வந்திருக்கேன்."

"கருத்து சொல்லியாச்சு. மூடாதீங்க. இப்ப நீங்க சொல்லுங்க."

பின்வரிசையில் நாற்காலிகள் நகர்ந்தன. ஒருவன் எழுந்து கையை நீட்டிப் பேசினான், இன்னொருவன் அவனுக்கும் மேலே கத்தினான். மேடையில் அதிகாரியின் முகம் சிவந்தது. யூனுஸின் காதில் விழுந்தது அவருக்கு நன்றாகப் பழக்கமான சத்தம். பந்தியில் கேட்கிற அதே சத்தம். கட்டைவிரல் போயிற்று. கேமரா இறங்கியது.

யாராவது கண்ணைக் காட்டினார்களா? இல்லை. யாராவது மிரட்டினார்களா? அதுவும் இல்லை. பாவி மனிதர், அந்த நிமிஷத்தில் அவர் ஒரு நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் குணசேகரன் பொறுமை இழந்து மேசையில் தட்டினார். "ஏம்மா, புரியாம பேசாத! முடிவெல்லாம் போன மாசமே எடுத்தாச்சு. ஆர்டர் போட்டாச்சு. இது சும்மா ஃபார்மாலிட்டி. நீ கத்தி ஒண்ணும் ஆவப்போறதில்ல."

மண்டபம் சட்டென்று அடங்கியது. மாதக்கணக்காக அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு முதல்முறையாக உண்மையான பதில் வந்திருந்தது. அது வந்தபோது கேமரா யூனுஸின் இடுப்புக்குக் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதிகாரி சுதாரித்துக்கொண்டார். எல்லாருக்கும் பாதாம்பால் கொடுக்கச் சொன்னார். "நல்ல முடிவா எடுப்போம்" என்று பொதுவாக ஏதோ பேசிக் கூட்டத்தை முடித்தார். பாதாம்பால் வந்ததும் யூனுஸின் கேமரா மறுபடி தோளேறியது.

சாயங்காலம் அவர் ஒரு நொடியைக்கூட வெட்டவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வெட்டவில்லை. எடுத்தது அத்தனையையும் போட்டார். அதிகாரியின் அலுவலகத்திலிருந்து கேட்டுக்கொண்டபடி ஆரம்பத்தில் பெரிய எழுத்தில் 'முழுமையான ஒளிபரப்பு' என்றும் போட்டார். வெட்டாததை முழுமை என்று சொல்வதில் என்ன தப்பு என்றுதான் அவர் நினைத்தார். பத்து நாளில் சென்னைச் சேனல் ஒன்று அதில் பாதாம்பால் பகுதியை மட்டும் எடுத்துக் காட்டி, 'டெல்டா மக்கள் வரவேற்பு' என்று தலைப்புக் கொடுத்து, மூலையில் 'நன்றி: வெண்ணாறு டிவி' என்று போட்டது. யூனுஸ் அதைப் படம்பிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். அல்லாவே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசுகிறது.

ஆடி பிறந்ததும் பிரசவ வார்டில் பூட்டுத் தொங்கியது.

தனபாக்கியம் ஆட்களைத் திரட்டி, சதீஷ் என்கிற வக்கீல் மூலமாக உயர் நீதிமன்றத்துக்குப் போனாள். கருத்துக் கேட்பே நாடகம், முடிவை முன்னாலேயே எடுத்துவிட்டார்கள், அதிகாரியே வாயால் ஒப்புக்கொண்டார் என்பதுதான் வழக்கு. அரசு காட்டிய உத்தரவில் கூட்டத்துக்குப் பிந்திய தேதிதான் இருந்தது. அதனால் வக்கீல் கேட்டது ஒன்றே ஒன்று: அந்தப் பேச்சின் வீடியோ. தனபாக்கியம் சிரித்தாளாம். "அது என்னங்க, எங்க பாய்கிட்ட இருக்கு."

வயலிலிருந்து நேராக, காலில் சேறு காயாமல் வந்து நின்றாள். கமருன்னிஸா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள்.

"பாய், அந்த அதிகாரி சொன்னாருல்ல, முடிவெடுத்தாச்சு, ஆர்டர் போட்டாச்சுன்னு. டிவில அது வரல. சரி, அவங்க போடக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க, நீங்க என்ன பண்ணுவீங்க. உங்ககிட்ட இருக்கிறதைக் குடுங்க. உங்க பேரு வெளிய வராது."

யூனுஸ் தரையைப் பார்த்தார். "எங்கிட்ட இல்லம்மா."

"அழிச்சிட்டீங்களா?"

"எடுக்கவே இல்லம்மா."

"யாருக்கு பாய் பயப்படுறீங்க? சொல்லுங்க. ஊரே உங்க பின்னாடி நிக்கும்."

"யாருக்கும் பயப்படலம்மா. சத்தம் வந்துச்சு. கேமராவை எறக்கிட்டேன். கல்யாணத்துல எறக்குவேன்ல, அப்படி."

தனபாக்கியத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் மகள் கல்யாணத்தையும் எடுத்தவர் இவர்தான். சீர்வரிசைத் தகராறு அந்த வீடியோவில் இல்லாததற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிட்டவள் அவள்.

"அது எங்க வீட்டு மானம், பாய்" என்றாள். "அந்த ஆளு மானத்தை நீங்க எதுக்குக் காப்பாத்துனீங்க?"

அவள் போன பிறகும் யூனுஸ் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். "பயந்துபோய் எடுக்காம இருந்திருந்தாகூட ஜனங்க மன்னிச்சிருப்பாங்களே" என்று கமருன்னிஸா அழுதாள்.

நடந்ததை நடந்தபடி சொல்ல யூனுஸ் தயாரானார். தொழில் போனாலும் போகட்டும் என்று வக்கீலிடம் போய், அதிகாரி சொன்னதைத் தன் காதால் கேட்டதாகப் பிரமாண வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். ஏழு மணிச் செய்தியில் தானே உட்கார்ந்து அதைச் சொன்னார். பாதிப் பேர், எதிர்க்கட்சிக்காரன் விலைக்கு வாங்கிவிட்டான் என்றார்கள். மீதிப் பேர், இத்தனை நாள் வாயில் கொழுக்கட்டையா இருந்தது என்றார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று தேநீர்க்கடையில் அவர் காதுபடவே ஒருவர் சொன்னார். ஊர்வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

விசாரணை நாளில் யூனுஸும் தனபாக்கியமும் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார்கள். அரசு வக்கீல் அதிகம் பேசவில்லை. திரையில் வெண்ணாறு டிவியின் வீடியோவைப் போட்டார். 'முழுமையான ஒளிபரப்பு' என்ற எழுத்தில் நிறுத்தினார். "இதைப் போட்டவரும் இந்த வாக்குமூலத்தைக் கொடுத்தவரும் ஒரே ஆள். இரண்டில் எது உண்மை?" என்று கேட்டார். பிறகு கடைசிப் பகுதிக்கு ஓட்டினார். பாதாம்பால் டம்ளரோடு தனபாக்கியம். கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். முடிவெடுத்தாயிற்று என்று அதிகாரி சொல்லக் கேட்டதாகச் சொல்கிறவரின் முகத்தைப் பாருங்கள் என்றார்.

அவள் ஏன் சிரித்தாள் என்பது அந்த அறையில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். கூட்டம் முடிந்து, மனசு வெந்துபோய் நின்றவளின் முன்னால் கேமராவோடு போய், "இந்தப் பக்கம் பாரும்மா, கொஞ்சம் சிரி" என்று யூனுஸ் சொன்னார். விருந்துக்கு வந்தவர்களிடம் கடைசியில் அவர் எப்போதும் சொல்கிற சொல் அது. சொன்னவர் பாய் ஆயிற்றே என்று அவளும் சிரித்துவைத்தாள்.

வழக்கு தள்ளுபடியானது. வெளியே மரத்தடியில் தனபாக்கியம் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நான் சிரிச்சா இப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாது பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேருந்தைப் பார்க்கப் போனாள்.

ஐப்பசியில் சுவேதாவுக்குச் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வலி எடுத்தது. ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ரயில்வே கேட் போட்டிருந்தது. சரக்கு வண்டி போய், கேட்டைத் திறப்பதற்குள் எதிர்வண்டியும் வந்தது. ஆம்புலன்ஸுக்குள்ளேயே பிள்ளை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள் போராடி இரண்டு உயிரையும் காப்பாற்றிவிட்டார்கள். நல்லவர்கள், நன்றாக இருக்கட்டும். ஆனால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. சுவேதாவுக்கு இருபத்திரண்டு வயது. யூனுஸ் ஹார்லிக்ஸ் பாட்டிலும் பழமும் வாங்கிக்கொண்டு வார்டு வாசல் வரைக்கும் போனார். பையைச் செவிலியரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

தை மாதம் குணசேகரனிடமிருந்து போன் வந்தது. "பாய், உங்க வீடியோ இல்லன்னா கோர்ட்டுல திணறிப்போயிருப்போம். பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. அடுத்த தாலுகாவுல ஒரு ஊர் வார்டுக்கும் கூட்டம் போடுறோம். நீங்கதான் எடுக்கணும்."

யூனுஸுக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனை வெண்ணாற்றில் எறிந்திருக்க வேண்டும். ஆனால் வேறொன்று தோன்றியது. போவோம். இந்தத் தடவை என்ன ஆனாலும் நிறுத்தக் கூடாது. யார் கத்தினாலும், யார் மேசையைத் தட்டினாலும், நாற்காலி பறந்தாலும் எடுப்போம். நம் ஊருக்குக் கிடைக்காதது அந்த ஊருக்காவது கிடைக்கட்டும். "வர்றேன் சார்" என்றார்.

கைப்பழக்கத்தை நம்பாமல் கேமராவை முக்காலியில் நிறுத்தினார். பொத்தானை அமுக்கிவிட்டு, தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். மண்டபம் நிறைந்திருந்தது. வரைபடம், புள்ளிவிவரம் எல்லாம் முடிந்தது. "யார் வேணும்னாலும் பேசலாம்" என்றார் குணசேகரன்.

ஒருவரும் எழவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வயிற்றுப்பிள்ளைக்காரிகள் மூன்று பேர் இரண்டாம் வரிசையில் மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். யூனுஸால் தாங்க முடியவில்லை.

"பேசுங்கம்மா" என்றார். "கேமரா ஓடுது. நான் நிறுத்தவே மாட்டேன். எதுவா இருந்தாலும் கேளுங்க."

முதல் வரிசையிலிருந்து நடுவயதுக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை. "அந்த ஊர்ல தனபாக்கியம் பேசாத பேச்சா பாய்? அவ்வளவும் பேசுனாங்க. டிவில பார்த்தா பாதாம்பால் குடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. எங்க வீட்டுப் பொம்பளைங்களும் சிரிச்சு வைக்கணுமா?"

மறுபடி மின்விசிறிச் சத்தம். அதிகாரி சிறிது நேரம் பார்த்தார். ஆட்சேபணை எதுவும் இல்லை என்று மைக்கில் சொல்லிவிட்டு எழுந்தார்.

அன்று ஏழு மணிக்கு யூனுஸ் அதை அப்படியே போட்டார். ஆரம்பத்தில் எந்த எழுத்தும் போடவில்லை. கூட்டத்தில் ஒருவர்கூடப் பேசாமல் உட்கார்ந்திருந்ததெல்லாம் ஒரு நொடி குறையாமல் அதில் இருந்தது.